பத்து மணிக்குப் போகிற குரல்

மழை நாளில் ரொட்டி வாங்கப் போகிறவனுக்குக் கடையை விட்டு வர மனசு வராது. வெளியே ஈரம், உள்ளே அடுப்பின் சூடு. அந்தக் கடையில் உட்கார நாற்காலி கிடையாது, மாவு மூட்டைதான் உண்டு. அதன் மேல் உட்கார எனக்கு மட்டும் அனுமதி இருந்தது, காரணம் நான் அவர்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தேன். அச்சகத்தில் எனக்கு மாலை ஷிப்ட். பகல் முழுக்கக் கைக்கு வேலை இல்லை, வாய்க்கு மட்டும் வேலை இருந்தது. அந்த வீட்டில் மூன்று பேர். மூன்று பேருமே மனசில் இருப்பதை என்னிடம் கொட்டிவிடுவார்கள். நான் கண்ணால் பார்த்ததையும் அவர்கள் வாயால் கேட்டதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

கீழே கடை, கடைக்குப் பின்னால் அடுப்பு, மேலே வீடு. நடுவில் பதினான்கு படி. பேக்கரிக்காரன் என்னைவிட நாலைந்து வயது சின்னவன். வாய் குறைவு, கை அதிகம். செங்கல் அடுப்பில் விறகை எரித்து, தணலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கையை உள்ளே நீட்டி மனசுக்குள் எண்ணுவான். எட்டு எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொள்ள வேண்டி வந்தால் ரொட்டிக்குச் சரியான சூடு. பன்னிரண்டு வரை தாங்கினால் பன்னுக்குச் சரி. அதற்கு மேலும் தாங்கினால் இன்னும் ரெண்டு கட்டை வைப்பான். பதினெட்டு வருஷமாக அந்த அடுப்புக்கு இதுதான் அளவு.

கவுண்டரில் நிற்பவர் அவனுடைய அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வருகிறவர்களுக்கெல்லாம் ரொட்டியோடு சேர்த்துத் தம்பியின் பெருமையையும் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். "எங்க தம்பி கையே தெர்மாமீட்டருங்க. மெஷினெல்லாம் தோத்துப் போகும்!" சொல்லிச் சொல்லித் தெருவே அதை நம்பிவிட்டது. அவனும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தான். அப்படிச் சும்மா இருந்ததுதான் பின்னால் வினையாக வந்தது.

மாடியில் அவன் மனைவி. தெருவில் அவளுக்குக் கம்ப்யூட்டரம்மா என்று பெயர். பிறவியிலேயே பார்வை இல்லை. ஒரு பெரிய ஆபீசில் ஒன்பது வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். ஒரு ஹலோவை வைத்தே பேசுகிறவர் சாப்பிட்டாரா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அந்த நாற்காலியில் ஒரு மெஷினை உட்காரவைத்துவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் பன் போடுகிற அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவளுக்கு வலித்தது அதுதான். "திட்டினாக்கூடப் பரவால்லண்ணா. 'பாவம், அவளால முடிஞ்சதைச் செய்யறா'ன்னு சொல்றாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

அப்புறம்தான் இந்த வேலை கிடைத்தது. கூட்டங்களில் பேசியதைப் பதிவு செய்து அனுப்புவார்கள், இவள் கேட்டுத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்பவேண்டும். ஆறு வாரம் சோதனைக் காலம். மேசை மேல் சோப்புப்பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் லினக்ஸ் என்கிற இயங்குதளம். அவள் எந்த விசையைத் தட்டினாலும், திரையில் எது வந்தாலும், ஒரு குரல் அதைப் படித்துச் சொல்லும். அந்தக் குரல் ப்ளூடூத்தில் அவள் ஹெட்போனுக்கு வரும். ஒயர் ஹெட்போன் செருக அந்தப் பெட்டியில் துளையே கிடையாது. ப்ளூடூத்தும் அதில் இல்லாததால், நகம் அளவுக்கு ஒரு அடாப்டரைக் கணவனிடம் வாங்கிவரச் சொல்லிப் பக்கவாட்டில் செருகியிருந்தாள். பக்கத்தில் இருந்த திரை எங்களைப் போன்றவர்கள் எட்டிப் பார்ப்பதற்கு. அவள் வேலை அத்தனையும் அந்தக் குரலை நம்பித்தான் ஓடியது.

அந்தக் குரல் ஒரு வாரமாகக் காலை பத்து மணி ஆனால் காணாமல் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணி வாக்கில் தானாக வரும். மூன்று மணிக்கு மறுபடியும் போகும். அதனால் இரண்டு முறை வேலையைத் தாமதமாக அனுப்பியிருந்தாள். வேலையை மேற்பார்வையிடும் அம்மா நல்லவர்தான். போனில் கூப்பிட்டு, "மூணாவது தடவை லேட்டாச்சுன்னா என்னால உன்னைக் காப்பாத்த முடியாதும்மா" என்று சொல்லிவிட்டார். நான் சொல்ல வந்த நாள் ஆறாவது வாரத்தின் கடைசி நாள். சாயங்காலம் நாலு மணிக்குள் ஒரு கூட்டத்தின் பதிவை முடித்து அனுப்பவேண்டும். அனுப்பினால் வேலை நிரந்தரம், அனுப்பாவிட்டால் திரும்ப அட்டைப்பெட்டி.

அன்று காலையிலிருந்தே நல்ல மழை. நான் மூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். பேக்கரிக்காரன் பிசைந்த மாவை வெட்டி, எடைபோட்டு, உருட்டி, வரிசையாகத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தான். தலையில் காதை மூடுகிற மாதிரி ஒரு துணித் தொப்பி. அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. கடிகாரம் பத்தடித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, படி உச்சியிலிருந்து சத்தம் வந்தது.

"என்னங்க! போயிடுச்சு!"

"எது?"

"குரல்தான்! வேற எது!"

அக்கா கவுண்டரிலிருந்தே கேட்டார். "பத்து மணியானா டாண்ணு கிளம்பிப் போறதுக்கு அது என்ன ஆபீசுக்கா போகுது?"

"அண்ணி, சிரிக்க வைக்காதீங்க, எனக்கு அழுகை வருது. என்னங்க, உங்க கண்ணு அரை மணி நேரம் எனக்கு வேணும். மேல வாங்க."

"மாவு உப்பிட்டு இருக்கும்மா."

"மழை நாள்ல அது மெதுவாத்தான் உப்பும். எனக்குத் தெரியாதா? வாங்க."

அவன் கையை உதறிக்கொண்டு படியேறினான். டீ கிளாசைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். எனக்கு கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வேடிக்கை பார்க்க யாருக்குப் படிப்பு வேண்டும்?

அவள் மேசை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. அவளுக்கு லினக்ஸ் நன்றாகத் தெரியும், ஆனால் திரை தெரியாது. அவனுக்குத் திரை தெரியும், ஆனால் இங்கிலீஷ் எழுத்தெல்லாம் மாவு மூட்டையில் அச்சடித்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை. எழுத்துக் கூட்டுவான், வார்த்தை வராது. இந்த இரண்டு பேரும் சேர்ந்துதான் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"முதல்ல அடாப்டர்ல லைட் எரியுதா பாருங்க."

"எரியுது. நீலக் கலர். கண்ணடிக்குது."

"யாரைப் பார்த்து?"

"என்னைப் பார்த்துத்தான். அண்ணன் பக்கம் திரும்பவே இல்ல."

"சரி. இப்ப நான் ஒண்ணு தட்டறேன். என்ன வருதுன்னு சொல்லுங்க." விரல்கள் நாலு தட்டுத் தட்டின.

"வந்திருக்கு. அஞ்சாறு வரி."

"அதுல ப்ளூடூத்னு எங்கயாவது இருக்கா? பி-யில ஆரம்பிக்கும்."

அவன் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தான். "பி... எல்... யு... இருக்கு! நாலாவது வரியில இருக்கு!"

"அப்ப பெட்டிக்கு அடாப்டரைத் தெரியுது. சாகல, உயிரோடதான் இருக்கு. அடுத்தது, எங்கயாவது பூட்டு விழுந்திருக்கான்னு பாப்போம்." மறுபடியும் தட்டினாள். "நோன்னு வந்திருக்கா, எஸ்னு வந்திருக்கா?"

"ரெண்டு இடத்துல இருக்கு. ரெண்டுலயும் என், ஓ."

"பூட்டும் இல்ல." அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "ப்ளூடூத்தைப் பார்த்துக்கற வேலையாள் ஒருத்தன் உள்ள இருக்கான். அவன் தூங்கறானா முழிச்சிருக்கானான்னு கேக்கறேன். என்ன சொல்றான்?"

"பச்சை எழுத்துல ஏ, சி, டி, ஐ..."

"போதும், போதும். முழிச்சுத்தான் இருக்கான். இருந்தாலும் ஒரு தடவை தூங்க வச்சு எழுப்பறேன்." எழுப்பினாள். "இப்ப ஹெட்போனைக் கூப்பிடச் சொல்றேன். பாருங்க."

மூன்று பேரும் காத்திருந்தோம். மழைச் சத்தம்தான் கேட்டது.

"எஃப், ஏ, ஐ, எல்..."

"ஃபெயில்."

"அது எனக்கே தெரியும்மா. ஸ்கூல்ல வருஷா வருஷம் பார்த்த வார்த்தை."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், ஆனால் சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. அடாப்டரைப் பிடுங்கி, துளையை ஊதி, வேறு துளையில் செருகிப் பார்த்தார்கள். பெட்டியை அணைத்துப் போட்டார்கள். ஹெட்போனுக்கும் பெட்டிக்கும் இருந்த பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்துவைக்கப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அவன் அதே நாலு எழுத்தைப் படித்தான். கடைசியில் படிப்பதை நிறுத்திவிட்டு "அதேதான்" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தான்.

மணி பத்தே முக்கால் ஆகிவிட்டது. அவள் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

"எழுபது நிமிஷப் பதிவு பாக்கி இருக்குங்க. ஒரு குடியிருப்புக் கூட்டம். தண்ணி டேங்க் ஒழுகுதுன்னு பதினோரு பேர் ஒரே நேரத்துல கத்தறாங்க. இதை முடிக்க எனக்கு அஞ்சு மணி நேரம் வேணும். இப்பவே அஞ்சு மணி நேரம்தான் இருக்கு."

"உன் போன்ல கேட்டுக்கிட்டு இதுல தட்டக்கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

"கேக்கலாம்ணா. ஆனா நான் என்ன தட்டினேன்னு எனக்கே தெரியாதே. நீங்க கண்ணை மூடிக்கிட்டு எழுதி, திரும்பப் படிச்சுப் பார்க்காம அனுப்புவீங்களா?" அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "ஆறு வாரம்ணா. ஆறு வாரமா இந்த வீட்டுல யாரும் என்னைப் பாவம்னு சொல்லல."

பேக்கரிக்காரன் அவள் தோளில் கை வைத்தான். சட்டையில் மாவு ஒட்டியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"சரி, ஒண்ணே ஒண்ணு பாக்கி" என்று நிமிர்ந்தாள். "அவங்க ஆபீஸ்ல மெஷின் பார்க்கறவர் அடாப்டரோட நம்பரைக் கேட்டார். இப்ப வரும். ஆறு ஜோடி இருக்கும், ஒண்ணொண்ணாப் படிங்க. போன்ல அனுப்பிடறேன்."

அவன் குனிந்து படித்தான். "சைபர் சைபர். அப்புறம் புள்ளிக்கு மேல புள்ளி. சைபர் சி. புள்ளிக்கு மேல புள்ளி. நாலு, ஏ." அங்கே கொஞ்சம் நிறுத்தினான். "எட்டு எட்டு." இன்னும் மெதுவாக, "ஒண்ணு ஏழு" என்றான்.

"கடைசி ஜோடி?"

"நாலு ஒண்ணு."

நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஜோடியைச் சொல்லும்போது அவன் திரையைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஏம்மா, இந்த நம்பரு எல்லா அடாப்டருக்கும் இதேதானா?"

"அதெப்படி? உலகத்துல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி நம்பர். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாது."

"ஒருவேளை இருந்தா?"

"இருந்தாவா? என் ஹெட்போன் அந்த நம்பரைச் சொல்லிக் கூப்பிடும்போது ரெண்டும் 'என்ன'ன்னு கேக்கும். ரெண்டுல ஒண்ணுக்கு என்னை யாருன்னே தெரியாது. போடின்னு சொல்லிடும். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். மாவைப் பார்த்துட்டு வந்துடறேன்." பதினான்கு படியையும் இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினான்.

அவன் ஏன் அப்படி ஓடினான் என்பது எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. உங்களை எதற்குக் காக்க வைப்பது, இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதமாக அவன் வலது கை விரல்கள் மரத்துப் போயிருந்தன. அடுப்புக்குள் கையை நீட்டினால் சூடு எங்கேயோ தூரத்தில் இருப்பதுபோல் இருந்ததாம். எட்டு எண்ணி இழுக்கவேண்டிய இடத்தில் பதினைந்து எண்ணியும் ஒன்றும் தெரியவில்லை. தெருவே கொண்டாடுகிற கை. யாரிடம் போய்ச் சொல்வான்? செல்போன் ரிப்பேர்க் கடைக்காரரிடம் போய் நின்றான். அவர் ஒரு வழி சொன்னார். அடுப்பில் வைக்க ஒரு கம்பித் தெர்மாமீட்டர், அது ப்ளூடூத்தில் சூட்டைச் சொல்லும். பரணில் கிடந்த மனைவியின் பழைய சின்னக் கம்ப்யூட்டர் அதை வாங்கி, அவன் காதில் இருக்கும் சின்ன இயர்போனில் எண்ணாகச் சொல்லும். காதை மறைக்கத்தான் அந்தத் தொப்பி. பாட்டுக் கேட்கிறான் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பழைய பெட்டிக்கும் ஒரு அடாப்டர் வேண்டுமே. ஆறு வாரம் முன்னால் மனைவிக்கு வாங்கப் போன இடத்தில் ஒரே அட்டையில் இரண்டு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு இன்னொன்றை அவன் எடுத்து வைத்திருந்தான், அது இப்போது கைகொடுத்தது. ரிப்பேர்க் கடைக்காரர் அதன் நம்பரைப் போனில் படிக்கச் சொன்னபோது, மீட்டர் நம்பர் மாதிரி இதையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, மூட்டைகளுக்குப் பின்னால் சுவரில் சாக்பீசால் எழுதி வைத்தான். ஒரு வாரமாகத் தினம் அடுப்பு சூடேற்றும்போது அந்தப் பெட்டியைப் போடுவான், தினம் அந்த எண்ணைப் பார்ப்பான். சைபர் சைபர், சைபர் சி, நாலு ஏ, எட்டு எட்டு, ஒண்ணு ஏழு, நாலு ஒண்ணு.

அவன் இறங்கி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மேலே கம்ப்யூட்டரம்மா நாற்காலியிலிருந்து துள்ளினாள்.

"வந்துடுச்சு! அண்ணா, வந்துடுச்சு! என்னங்க, குரல் வந்துடுச்சு!"

"சந்தோஷம்!" என்று கீழேயிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

ஹெட்போனைக் காதில் சரியாக வைத்துக்கொண்டு அவள் ஒரு கணம் யோசித்தாள். "நான் ஒண்ணுமே செய்யலையேண்ணா. எப்படி வந்துச்சு? காரணம் தெரியாம சரியானது எனக்குப் பிடிக்காது." உடனே தலையை ஆட்டிக்கொண்டாள். "பிடிக்காட்டிப் போகட்டும். இன்னைக்கு ஆராய்ச்சி பண்ண நேரமில்ல." விரல்கள் ஓட ஆரம்பித்தன. விசைப்பலகையின் சத்தமும் மழைச் சத்தமும் கலந்து கேட்டன. நான் பூனை மாதிரி இறங்கி வந்துவிட்டேன்.

கீழே அவன் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கையை உள்ளே நீட்டினான், எடுத்தான், மறுபடி நீட்டினான். கடைசியில் ஒரு குத்துமதிப்பாகத் தட்டுகளை உள்ளே தள்ளினான். பதினொன்றரைக்கு ரொட்டி வெளியே வந்தது. அக்கா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னடா தம்பி இது? காய்ச்சல்ல கிடந்து எழுந்தவன் மூஞ்சி மாதிரி வெளுத்துக் கிடக்கு?"

"மழைக்கா."

"மழை வெளியிலதானே பெய்யுது? அடுப்புக்குள்ளயுமா பெய்யுது?"

"விறகு ஈரம்."

"நேத்தும் இதே விறகுதான்டா. நேத்து தங்கமா வந்துச்சே."

அவன் அடுத்த மாவைப் பிசையப் போய்விட்டான். அக்கா வெளுத்த ரொட்டிகளைப் பின்வரிசையில் ஒளித்து வைத்தார். அன்று வந்தவர்களிடம் தெர்மாமீட்டர் கதையைச் சொல்லவில்லை. மழையைப் பற்றி மட்டும் பேசினார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட அவள் கீழே வரவில்லை. அக்கா தட்டில் போட்டுக்கொண்டு போய் மேசையில் வைத்துவிட்டு வந்தார். "டேங்க் இன்னும் ஒழுகிட்டுத்தான் இருக்காம். இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் ஒழுகணுமாம்" என்று எனக்குச் செய்தி சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. நாத்தனார் முகத்தில் அந்தப் பெருமையைப் பார்க்க எனக்கும் நன்றாக இருந்தது.

மூன்று மணிக்கு அவன் பன்னுக்கு அடுப்பைத் தயார் செய்தான். காலையில் சூடு போதவில்லை என்று இப்போது கட்டையை அள்ளிப் போட்டான். கையை நீட்டிப் பன்னிரண்டு எண்ணினான், பதினைந்து எண்ணினான். மணிக்கட்டுக்கு மேலே மட்டும் கொஞ்சம் சுட்டதாம். இன்னும் ஒரு கட்டை வைத்தான். கண்ணுக்கெட்டிய தூரத்தில், மூட்டைகளுக்குப் பின்னால், அடாப்டரைப் பிடுங்கி வைத்த பெட்டி கிடந்தது. செருகினால் அடுப்பு பிழைக்கும், மாடியில் குரல் போய்விடும். அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. நாலு தட்டுப் பன்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

நான் மூட்டை மேல் சாய்ந்து லேசாகக் கண்ணயர்ந்திருந்தேன். மேலிருந்து வந்த சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டது.

"என்னங்க! பன் கருகுது! எடுங்க வெளியே!"

எங்களுக்கு அப்போதுதான் வாசனை தட்டியது. அவன் பாய்ந்துபோய்க் கதவைத் திறந்தான். துணியைத் தேடக்கூட இல்லை. ஒவ்வொரு தட்டாக இழுத்துக் கீழே போட்டான். இரண்டு தட்டு அடிப்பக்கம் கருப்பு. இரண்டு தட்டு எப்படியோ தப்பித்துவிட்டது.

அவள் படி உச்சியில் நின்றாள். "எத்தனை போச்சு?"

"ரெண்டு ட்ரே."

"போனா போகட்டும். துணி பிடிச்ச சத்தம் கேக்கலையே. கையில சுட்டுக்கிட்டீங்களா?"

"தெரியல."

"தெரியலையா?"

அவன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"சுட்டா தெரியாதா ஒரு மனுஷனுக்கு?" அவள் குரல் இறங்கியிருந்தது.

 அவள் ஒரு படி இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே ஆறு நிமிஷப் பதிவு பாக்கி, மணி மூன்று இருபத்தைந்து. கீழே கை சுட்டது தெரியாத புருஷன். 

"நீ போம்மா" என்றான் அவன். "எனக்கு ஒண்ணுமில்ல. உன் டேங்கை அடைச்சுட்டு வா. நீ போகலன்னா நான் ரெண்டு ட்ரேயைச் சும்மாதான் கருக விட்டேன்னு ஆயிடும்."

அந்தக் கடைசி வார்த்தையின் அர்த்தம் அவளுக்கு முழுசாகப் புரிந்திருக்காது. ஆனால் தலையாட்டினாள். "நாலு மணிக்கு வரேன். உங்களை அப்ப வச்சுக்கறேன். எங்கயும் போயிடாதீங்க."

"அடுப்பை விட்டுட்டு நான் எங்க போகப்போறேன்?"

அவள் திரும்பிப் போனாள். விசைப்பலகைச் சத்தம் முன்னைவிட வேகமாகக் கேட்டது. அக்கா ஒரு பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து தம்பியின் கையைப் பிடித்து முக்கினார். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கொப்புளம். பக்கத்தில் நாலைந்து நாள் பழசாக இன்னொரு தழும்பு. எல்லாவற்றையும் மூன்று முறை சொல்கிற அக்கா, அந்த அரை மணி நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரொட்டி கேட்டு வந்த ஒருவரைக் கையசைத்தே அனுப்பிவிட்டார்.

நாலு மணி ஆகிச் சில நிமிஷங்களில் அவள் இறங்கி வந்தாள். ஹெட்போனைக் கழற்றவில்லை.

"மூணு ஐம்பத்தாறுக்கு அனுப்பிட்டேன். பதிலும் வந்துடுச்சு. 'கிடைத்தது. பிழையே இல்லை. திங்கட்கிழமை முதல் நீங்கள் எங்கள் ஊழியர்.' மூணு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்." சொல்லிவிட்டு அவளே கையைத் தட்டிக்கொண்டாள். அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டார். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு.

"போதும், சிரிச்சது கேட்டுச்சு" என்றாள் அவன் பக்கம் திரும்பி. "இப்ப சொல்லுங்க."

அவன் சொன்னான். மரத்துப்போன விரல், ரிப்பேர்க் கடை, கம்பி, பெட்டி, தொப்பி எல்லாம் வந்தது. சாக்பீஸ் எண்ணுக்கு வந்தபோது குரல் கம்மியது. அவள் மூட்டைகளுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவிப் பெட்டியையும் பக்கத்தில் கிடந்த அடாப்டரையும் எடுத்தாள். விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒரே அட்டையில ரெண்டா?"

"ஆமா. ஒண்ணு கேட்டேன், ரெண்டு வந்துச்சு."

"நம்பர் போடறவன் சோம்பேறி. ஒரே நம்பரை எல்லாத்துக்கும் குத்தி அனுப்பியிருக்கான்." திடீரென்று அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப ஒரு வாரமா என் குரலை முழுங்கினது நீங்கதானா! நான் லினக்ஸைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், என் ஹெட்போனைக்கூடத் திட்டினேனே!"

"எனக்கே பத்தே முக்காலுக்குத்தான்மா தெரிஞ்சுது."

"தெரிஞ்சதும் சொல்ல வேண்டியதுதானே?"

அவன் அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தான். "அக்கா தெரு பூரா சொல்லி வச்சிருக்கு..."

"அடேய்!" அக்காவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. "நான் ரொட்டி விக்கறதுக்கு நாலு வார்த்தை கூடக்குறையப் பேசுவேன்டா. அதுக்காக நீ கையைச் சுட்டுக்குவியா? தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் கடையையா மூடப்போறேன்?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மார்க்கெட் பக்கத்துப் பேக்கரிக்காரருக்கும் இதே மாதிரிதான் வந்துச்சு. மாவு பிசையற கைக்கு வர்றதுதானாம். மணிக்கட்டுல பட்டை கட்டி, மாத்திரை கொடுத்து, ஆறு மாசத்துல சரியாயிடுச்சு. நாளைக்குக் காலையில கடை கிடையாது. டாக்டர்கிட்ட போறோம். போறோம்னா போறோம்."

"அதுவரைக்கும் அடுப்பு?" என்றான் அவன்.

"பெட்டியே சொல்லட்டும்" என்றாள் மனைவி. "ஒளிச்சு வைக்க வேணாம். இதோட நம்பரை மாத்தறதுக்கு வழி இருக்கு, நாளைக்குச் சாயங்காலம் நான் மாத்தித் தரேன். நீங்க உங்களோடதைக் கேளுங்க, நான் என்னோடதைக் கேக்கறேன்."

எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. இருந்தாலும் கிளம்ப மனசு வரவில்லை. கருகாத பன் ஒன்றை அக்கா என் கையில் திணித்தார். நான் மூட்டையிலிருந்து எழுந்ததும் அவன் அதில் உட்கார்ந்தான். அவள் அவன் முன்னால் ஒரு அட்டைப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"வலது கையைக் கொடுங்க. கண்ணை மூடுங்க."

"கண்ணை எதுக்கு?"

"மூடுங்கன்னா மூடணும். அண்ணா, மூடிட்டாரா?"

"மூடிட்டான்மா" என்றேன்.

அவன் கையைத் தன் மடியில் வைத்து, கட்டைவிரல் நுனியைத் தொட்டாள். "இது?"

"லேசாத் தெரியுது."

கொப்புளத்தை விட்டு ஒதுங்கி ஆள்காட்டி விரலைத் தொட்டாள். "இது?"

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "இல்ல."

நடுவிரலைத் தொட்டாள். "இது?"

"இல்லம்மா." குரல் தணிந்துவிட்டது.

அவள் முகம் வாடியதை அவன் பார்க்கவில்லை. ஆனால் மூச்சுவிட்டதைக் கேட்டிருப்பான். மோதிர விரலுக்குப் போவதற்காக அவள் கையைத் தூக்கினாள். கை இன்னும் பாதி வழியில் இருக்கும்போதே அவன் அவசரமாகச் சொன்னான்.

"தெரியுது, தெரியுது. இது நல்லாவே தெரியுது!"

"நான் இன்னும் தொடவே இல்லைங்க" என்றாள் அவள்.